உப்பு பார்க்காத சமையல்

உப்பு பார்க்கக் கூடாது, உப்பு பார்க்கக் கூடாது என்று விடிந்ததிலிருந்து பூரணம் எத்தனை தரம் சொல்லிவிட்டாள். என்னவோ நேற்றுத்தான் நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தது போல. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இந்த வீட்டுப் படையலுக்கு நான்தான் பொங்கி இறக்குகிறேன். தலைக்கு ஊற்றி, ஈரத்தலையில் துண்டைச் சுற்றி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல். உப்புக்குக் கண், காரத்துக்குக் கை, வெந்ததா வேகவில்லையா என்பதற்கு மூக்கு. செத்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இருக்கிறவர்கள் நாக்கில் பட வேண்டும், அவர்களுக்கு முன்னால் நாம் தொட்டால் அது எச்சில். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பூரணம் கொல்லை வாசல் வரைக்கும் வந்து நின்று, "மைனி, கைப்பழக்கத்துல சொட்டு கீட்டு நக்கிராதீங்க, என்ன?" என்கிறாள். "சரி தாயே" என்றேன். நாத்தனார் என்றால் இரண்டு சொல் கூடுதலாகத்தான் சொல்லுவாள், அதுவும் ஒரே தங்கச்சி, அண்ணனுக்குச் செல்லத் தங்கச்சி. அண்ணனுக்கு. எங்கே சுற்றினாலும் அங்கேதான் போய் நிற்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே வைகாசியில் ஒரு காலை நேரத்தில் வெளியே போன மனுஷர், பூரணத்துக்கு அண்ணன், பகவதிக்கு அப்பா, எனக்கு வீட்டுக்காரர், திரும்பி வரவில்லை. செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மகள் பகவதிக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் போய்ச்சேர்ந்தவர்களுக்கு வேட்டி சேலை வைத்து, இலை போட்டுப் படைத்துக் கும்பிட வேண்டும். மாமனாருக்கு ஒரு வேட்டி, மாமியாருக்கு ஒரு சேலை, அது எப்போதும் உள்ளது. இந்தத் தடவை இன்னொரு வேட்டியும் வாங்கி வந்திருக்கிறாள் பூரணம். "அண்ணனையும் சேத்துக் கும்பிட்ருவோம் மைனி. சேக்காம விட்டு, ஒருவேள அவன் இல்லாமப் போயிருந்தா, பிள்ளைக்கு அவன் மனசு குளிராதுல்லா" என்றாள். நான் சரி என்றேன். சொன்னது வாய். வாய்க்கென்ன, அது சரி என்றும் சொல்லும், சாப்பிட்டியா என்றும் கேட்கும்.

கத்தரிச் செடியில் முள். பிஞ்சாய் இருக்கிற காய்க்குத்தான் காம்பில் முள் கூடுதல். கையில் குத்தக் குத்தத்தான் பறிக்க வேண்டியிருக்கிறது, குத்தினால் பரவாயில்லை, இன்றைக்குக் குத்தினால் நல்லது என்றுகூட இருக்கிறது. கோவில்பட்டி வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனாலும் மண் இப்போதே சூடு. கரிசல் மண் வெடித்து வாய் பிளந்து கிடக்கிறது. நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று முனிசிபாலிட்டிக்கே தெரியாத ஊரில் காய்கறித் தோட்டம் போடுகிறவளைப் பைத்தியக்காரி என்றுதான் அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் இங்கேதான் வருகிறது. சோப்புத் தண்ணீரை மட்டும் ஒதுக்கிவிடுவேன். இந்தக் கோடையில் எல்லார் வீட்டுச் செடியும் கருகிப் போயிற்று, என் வீட்டில் கத்தரி, வெண்டை, சீனியவரை, பந்தலில் புடலை, காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் ஒரு தடியங்காய், வெள்ளைப் பூசணி. இத்தனையும் யாருக்கு? பகவதி கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு ஒற்றை வயிறு. அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பேன், கொடுத்துவிட்டு எப்படி இருந்தது என்று கேட்பேன். கேட்காமல் இருக்க முடியாது. சாப்பிட்டவர் ஏதாவது சொல்ல வேண்டும் எனக்கு. இவர் சொன்னதே இல்லை. நல்லா இருக்கு என்றும் சொல்ல மாட்டார், நல்லா இல்லை என்றும் சொல்ல மாட்டார், உப்பு குறைந்தால் பேசாமல் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அந்த ஜாடி வந்து உட்கார்ந்தால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால்தானே ஒவ்வொரு குழம்பையும் நாலு தரம் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கும் பழக்கமே வந்தது. ஒரு தடவையாவது, உப்பு இல்லை வடிவு, என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். சண்டை போடுகிற புருஷன் வீட்டில் இருப்பான்.

புடலங்காய்க்கு நுனியில் கல் கட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், கட்டாவிட்டால் சுருண்டு போகும். நான் சின்னச் சின்னக் கல்லாகப் பொறுக்கி நூலில் கட்டித் தொங்கவிடுவேன். சாயங்காலம் பார்த்தால் கல் எல்லாம் கீழே கிடக்கும். இவர்தான் அவிழ்த்திருப்பார். "பாவம் தொங்கிட்டு கெடக்கு, அது மேல ஒரு கனத்த வேற கட்டணுமா?" என்பார். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஒரு நாள் பூராவும் மற்றவர்கள் பிள்ளைகளின் டிசி, மார்க் ஷீட் என்று எழுதிவிட்டு வருகிற மனுஷனுக்குப் புடலங்காய் மேல் என்ன இரக்கம் என்று சிரிப்பேன். சுருண்ட காயை நறுக்குகிறவள் நான்தானே. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அது புடலங்காயைச் சொன்னதுதானா? நான் ஏதாவது கட்டித் தொங்கவிட்டேனா அவர் மேல்? என்ன கட்டினேன்? வீடு கட்ட வேண்டும் என்றேனா, பகவதிக்கு நகை என்றேனா, எல்லாப் பெண்பிள்ளைகளும் சொல்வதைத்தான் சொன்னேன். அதிலும் குறைவாகத்தான் சொன்னேன். ஏழு வருஷமாக இந்தப் பந்தலுக்குக் கீழே நின்று ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்க்கிறேன், இதுவா, இதுவா என்று. இந்த வருஷம் கல் கட்டவில்லை. எல்லாம் சுருண்டு கிடக்கிறது. படையலுக்குச் சுருண்ட காய் ஆகாது என்று ஒன்றும் சாஸ்திரம் இல்லை.

வெண்டைக்காய் பறிக்க மட்டும் இவரை விடக் கூடாது. சந்தையில் பார்ப்பது போலச் செடியிலேயே நுனியை ஒடித்துப் பார்ப்பார். பிஞ்சாக இருந்தால் டக்கென்று ஒடியும், முகமெல்லாம் சந்தோஷம், பறிக்கவும் மாட்டார். "நாளைக்குப் பறிச்சுக்கிடலாம், இன்னும் ஒரு விரக்கட வளரட்டும்" என்று விட்டுவிட்டு வருவார். நுனி ஒடிந்த காய் எங்கே வளரும்? கடைக்காரனிடம் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தால் அவன் திட்டுவான், நம் வீட்டுச் செடி திட்டுமா என்று ஒரு தைரியம். அவர் போன மறுநாள் காலையில் நான் இங்கே வந்து நின்றேன். ராத்திரி முழுக்க போலீஸ் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, சொந்தக்காரர் வீடு என்று அலைந்துவிட்டு வந்து, எதற்கென்றே தெரியாமல் கொல்லைக் கதவைத் திறந்தேன். செடி செடியாக நுனி ஒடித்த வெண்டைக்காய். முதல் நாள் காலையில், போகிறதுக்கு முன்னால், வந்து பார்த்திருக்கிறார். நாளைக்குப் பறிச்சுக்கிடலாம் என்று நினைத்திருக்கிறார். நாளைக்கு என்று நினைக்கிறவன் போவானா? ஸ்டேஷனில் இதைச் சொன்னேன். ஏட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அந்தக் காய்களை நான் பறிக்கவில்லை. முற்றி, நார் விட்டு, காய்ந்து, வெடித்து, அந்த விதைதான் வருஷா வருஷம் போடுகிறேன். இந்தச் செடி அதன் வம்சம். பூரணத்துக்கு இது தெரியாது. தெரிந்தால் அழுவாள், அழுதால் நான் தேற்ற வேண்டும், எனக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் பறித்துவிட்டேன். ஒரு பிஞ்சு விடவில்லை. அவருக்குத்தான் படைக்கிறோம் என்றால் அவருக்கே எல்லாம் போகட்டும் என்று ஒரு வீம்பு. யார் மேல் வீம்பு என்று தெரியவில்லை.

அரிவாள்மனையில் உட்கார்ந்தால் மனசு ஒரு இடத்தில் நிற்கும் என்பார்கள். எனக்கு அங்கேதான் அது அவிழ்த்துக்கொண்டு ஓடும். தடியங்காய் அவியலுக்கு, கத்தரிக்காயும் சீனியவரையும் புடலங்காயும் அதோடு, வெண்டைக்காய் பச்சடிக்கு, பருப்புக்குழம்பு தனியாக. தேங்காய் துருவ வேண்டும். தேங்காய். அன்றைக்கும் அவியல்தான். நான் அடுப்பைப் பார்த்து நின்றேன், பின்னால் வாசலிலிருந்து "ஒரு எட்டு போயிட்டு வாரேன்" என்றார். நான் திரும்பவில்லை. கரண்டி கையில், சொட்டு உள்ளங்கையில். "வரும்போது ஒரு தேங்கா வாங்கிட்டு வாங்க" என்றேன். அவ்வளவுதான். அதற்கு உம் என்றாரா, ஒன்றும் சொல்லவில்லையா, நான் சொன்னபோது வாசலில் இருந்தாரா, தெருவுக்கு இறங்கிவிட்டாரா, அது மட்டும் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் வருவதில்லை. காதில் விழுந்திருந்தால் தேங்காய் வாங்கப் போயிருப்பார், தேங்காய் வாங்கப் போனவர் திரும்பி வரத்தான் போயிருப்பார். விழாமல் இருந்தால்? விழாமல் இருந்தால் கடைசியாக அவர் காதில் விழுந்தது என்ன, குழம்பு கொதிக்கிற சத்தமா? என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டார்கள் ஸ்டேஷனில். திரும்பிப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நீலக் கோடு போட்ட சட்டை என்றேன். மறுநாள் சாயங்காலம் அந்த நீலக் கோடு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மறுபடியும் போய் மாற்றிச் சொன்னேன், வெள்ளை என்று. அதுவும் உத்தேசம்தான்.

"அம்மா, நான் தேங்கா துருவட்டா?" பகவதி வந்து நிற்கிறாள். குளித்துவிட்டுப் பளிச்சென்று இருக்கிறாள், நெற்றியில் திருநீறு. அப்பாவின் காது அவளுக்கு, மடல் ஒட்டின காது. "நீ தலைக்கு ஊத்தல, தொடாத" என்றேன். போகாமல் நிலையில் சாய்ந்து நின்றாள். "உனக்கு இஷ்டம் இல்லன்னா இப்பக்கூட சொல்லும்மா. அத்தகிட்ட நான் பேசுதேன்." "எனக்கென்ன இஷ்டம், கஷ்டம்? போ, போயி அத்தைக்கு வெளக்கு தொடச்சுக் குடு." போனாள். சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், வடிவு இன்னும் நம்பிக்கையை விடவில்லை, பாவம், ஒரு நாள் வந்து நிற்பார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. அதனால்தான் என்னிடம் பக்குவமாகப் பேசுகிறார்கள், பொட்டு வைத்துக்கோ, தாலியைத் தொட வேண்டாம், இந்தக் காலத்தில் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள், சும்மா ஒரு இலை, ஒரு வேட்டி. என் மனசுக்குள் இருப்பதைச் சொன்னால் காறித் துப்புவார்கள்.

ஒரு தடவை திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். அடையாளம் காட்ட. பூரணமும் அவள் வீட்டுக்காரரும் வெளியே நின்றுகொண்டார்கள், நான்தான் உள்ளே போனேன். துணியை விலக்கினார்கள். யாரோ. வயசும் உயரமும் சரி, காது வேறு. இல்லை என்றேன், வெளியே வந்து பூரணத்தைக் கட்டிக்கொண்டு இல்லை, இல்லை என்று அழுதேன், அவளும் அழுதாள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அதெல்லாம் சரி. பஸ்ஸில் வரும்போது, கயத்தாறு தாண்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், அப்போதுதான் அது வந்தது. ஏமாற்றம். அதற்கு வேறு பெயர் கிடையாது. இவராக இருந்திருக்கக் கூடாதா என்று. அதை நினைத்த மாத்திரத்தில் பூரணத்தின் மடியில் படுத்துவிட்டேன், அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து அது என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் செத்திருந்தால் அவர் என்னை விட்டுப் போகவில்லை. தேங்காய் வாங்கப் போனார், வழியில் என்னவோ ஆயிற்று, நெஞ்சு வலியோ லாரியோ, பேர் தெரியாமல் எங்கேயோ எரித்துவிட்டார்கள், கடைசி மூச்சு வரைக்கும் வீட்டுக்கு வரத்தான் பார்த்தார். அப்படியானால் அவர் எனக்கு உரியவர், நான் அழலாம், படத்துக்கு மாலை போடலாம், எங்க வீட்டுக்காரர் இருந்தால் என்று நாலு பேர் நடுவில் பேச்சைத் தொடங்கலாம். இருந்தால்? இருந்தால், தினமும் காலையில் எங்கேயோ எழுந்திருக்கிறார். பல் விளக்குகிறார். டீ குடிக்கிறார். எதிரே பஸ் போகிறது, போர்டில் ஊர்ப் பேர் இருக்கிறது, ஏறவில்லை. போன் நம்பர் மாறவில்லை, வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருக்கிறேன், எந்தக் கடையிலிருந்தும் அடிக்கலாம், அடிக்கவில்லை. வடிவு வேண்டாம் என்று ஒரு தடவை முடிவெடுத்தால் போதாது, ஒவ்வொரு நாள் காலையிலும் புதிதாக எடுக்க வேண்டும். ஏழு வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவரைத் திட்டவும் முடியவில்லை. ஊரில் எனக்கு வாய் நீளம் என்று பேர், பால்காரன், கேஸ்காரன், வார்டு கவுன்சிலர் யாரையும் விட்டதில்லை. இவரை ஒரு வார்த்தை திட்ட வாயைத் திறந்தால், ஒருவேளை செத்துக் கிடந்தாரென்றால் என்று நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அழ வந்தால், ஒருவேளை எங்கேயோ சிரித்துக்கொண்டிருந்தாரென்றால் என்று கண் வற்றிப் போகிறது. இன்றைக்குப் படைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு இலையும் ஒரு வேட்டியும், அதற்குப் பிறகு நான் நிம்மதியாக அழலாம். பூரணம் கேட்டபோது என் வாய் அத்தனை சீக்கிரம் சரி என்றதற்கு இதுதான் காரணம். அவளுக்காகவும் இல்லை, பிள்ளைக்காகவும் இல்லை.

அவியல் வேக ஆரம்பித்துவிட்டது. தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்து வைத்திருக்கிறேன், காய் முக்கால் வேக்காடு வந்ததும் உப்பு. கையில் எடுத்த உப்பைக் கொஞ்சம் திரும்ப ஜாடியில் தட்டினேன். படையல் சமையலில் எப்போதும் ஒரு பங்கு குறைத்துத்தான் போடுவேன். குறைந்தால் செத்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், கூடினால் இருக்கிறவர்கள் பேசுவார்கள். இன்னொரு அடுப்பில் வெண்டைக்காயை வதக்குகிறேன். வழவழப்பு போகிற வரைக்கும் அடுப்பைவிட்டு நகரக் கூடாது, மூடவும் கூடாது, மூடினால் கொழகொழவென்று ஆகிவிடும். ஜன்னலில் காற்றில்லை. முதுகில் வியர்வை ஓடுகிறது. இந்தப் புழுக்கத்தில்கூட அவருக்குத் தூங்கும்போது ஒரு காலைத் தூக்கி என் மேல் போட வேண்டும். "தள்ளிப் படுங்களேன், வேகுது" என்று எத்தனை நாள் தள்ளியிருக்கிறேன். தள்ளினால் சரி என்று தள்ளிப் படுப்பார், தூக்கம் வந்ததும் மறுபடி அந்தக் கால் வரும். கனமான கால், குதிகாலில் வெடிப்பு, சேலையில் மாட்டி இழுக்கும். அந்தக் கால் வேண்டும் எனக்கு. வேறு ஒன்றும் வேண்டாம், பேச வேண்டாம், எங்கே போனீங்க என்று கேட்க மாட்டேன், அந்தக் காலைக் கொண்டுவந்து போட்டால் போதும். ஐம்பது தாண்டினவள், அடுத்த மாதம் மாமியார் ஆகப் போகிறவள், படையலுக்குப் பொங்கும்போது நினைக்கிற நினைப்பா இது? புளித்தண்ணீரை ஊற்றினேன், சுர்ரென்று ஆவி முகத்தில் அடித்தது, மஞ்சள்பொடி, கொஞ்சம் வெந்த பருப்பு, உப்பு. கொதிக்கட்டும். கால் நினைவிலேயே கரண்டி சுற்றுகிறது. வெண்டைக்காய்ப் பச்சடி என்றால் இன்னொரு கை சோறு சாப்பிடுவார், அதுதான் அவர் சொல்கிற நல்லா இருக்கு. ஜாடி வரக் கூடாது. இன்றைக்கு ஜாடி வரக் கூடாது. புளிப்பு தூக்கலாக இருக்குமோ, இந்தத் தடவை புளி புதுசு, சாயங்காலம் வந்து கை கழுவிவிட்டு உட்காருவார், அதற்குள் ஒரு கொதி விட்டால் சேர்ந்துவிடும், உப்பு மட்டும் கொஞ்சம், கொஞ்சம் குறைகிறது. ஆமாம், குறைகிறது. அரைச் சிட்டிகை போட்டால் சரியாகிவிடும்.

குறைகிறது என்று எப்படித் தெரிந்தது?

இடது உள்ளங்கை ஈரமாக இருந்தது. நாக்கில் புளி. கரண்டி வலது கையில் அப்படியே நின்றது. நான் செய்யவில்லை என்று சொல்லலாம், செய்தது கை. முப்பது வருஷமாக அதற்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறேன், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றால் அதற்கு எப்படித் தெரியும். முதலில் பயம்தான் வந்தது. மாமியார் முகம் ஞாபகம் வந்தது. கொல்லையில் ஒரு காய் மிச்சமில்லை, எல்லாவற்றையும் பறித்தாயிற்று. யாரும் பார்க்கவில்லை. கழுவிவிடலாம், வாயைக் கொப்பளித்துவிடலாம், அவியலும் குழம்பும் தொடாமல்தானே இருக்கிறது, இது ஒன்றை மட்டும் வைக்காமல் விட்டால் போயிற்று. இல்லை, வைத்தால்தான் என்ன, யாருக்குத் தெரியும்? சாப்பிடப் போகிறவருக்குத் தெரியும். அவருக்கு என் எச்சில் புதுசா? இப்படி ஓடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் நிலையில் பூரணம். கையில் துடைத்த குத்துவிளக்கு. பார்த்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன், கத்துவாள் என்று நினைத்தேன்.

"மைனி" என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது. விளக்கைக் கீழே வைத்தாள், பின்னால் திரும்பிப் பகவதி வருகிறாளா என்று பார்த்தாள். "தெரியாம செஞ்சுட்டீங்க. கைப்பழக்கம். அவ்வளவுதான, மைனி? ஒண்ணும் ஆவாது. மஞ்சத்தண்ணி தெளிச்சு சட்டிய மாத்திருவோம். வாயக் கொப்புளிங்க. பகவதிட்ட சொல்ல வேண்டாம், எங்க வீட்டுக்காரர்ட்டயும் நான் மூச்சு விடமாட்டேன்." விடிந்ததிலிருந்து உப்பு பார்க்காதே என்று உயிரை எடுத்தவள், எனக்கு ஒரு வழி செய்து கொடுக்கிறாள். நல்லவள். ஆமாம் பூரணம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் போதும். அதுதான் உண்மையும்கூட. சொன்னால் இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் செத்துப் போவார், எனக்கு உரியவராக, என்னை விட்டுப் போகாதவராக.

"தெரியாமன்னு யார் சொன்னா?" என்றேன். "தெரிஞ்சுதான் பாத்தேன்."

பொய். நாக்கில் பட்ட பிறகுதான் எனக்கே தெரியும். ஆனால் வாயைவிட்டு வெளியே வந்ததும் அது பொய்யாக இல்லை.

பூரணம் என்னையே பார்த்தாள். "அப்ப, அண்ணன்?"

"இருக்காக."

"எங்க மைனி? ஏதும் தெரியுமா உங்களுக்கு? யாரும் பாத்தாகளா?"

"ஒருத்தரும் பாக்கல. எங்கயோ இருக்காக. எவளாவது பொங்கிப் போடுதாளோ, ஓட்டல்ல திங்காகளோ, எனக்கென்ன தெரியும்? என்கூட இருக்கப் பிடிக்கல. போயிட்டாக. அவ்வளவுதான் பூரணம். அதுக்காக அவுகளச் சாகடிக்க முடியுமா? இருந்துட்டுப் போகட்டும்."

அடுப்பில் பச்சடி கொதித்துத் தெறித்தது. பூரணம் வந்து அதை இறக்கி வைத்தாள். இறக்கிவிட்டு அங்கேயே, அரிவாள்மனைக்குப் பக்கத்தில், வெண்டைக்காய்க் காம்புகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் மட்டும் ஆடிற்று. "என்கிட்டயும்தான் சொல்லாமப் போயிட்டான் மைனி" என்றாள். "தங்கச்சி, தங்கச்சின்னு... ஒரு வார்த்த. எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. செத்துட்டான்னு வச்சுக்கிட்டா அது இல்லைல்லா." ஏழு வருஷமாக ஒரே வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டு இருந்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு மூலையில் இதையே வைத்துக்கொண்டு. அவள் தலையில் கை வைத்தேன். எண்ணெய் தடவாத தலை, குளித்த ஈரம் இன்னும் இருந்தது.

அழுது முடித்து அவளே எழுந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள். "தெரிஞ்சு பாத்தா எல்லாம் எச்சில்தான, அப்பா அம்மாவுக்கு வேற பொங்கணும்லா. கொல்லையில காய் கெடக்கா?" "இல்ல. எல்லாத்தயும் பறிச்சுட்டேன்." "நான் கடைக்குப் போய்ட்டு வாரேன். அந்த வேட்டிய என்ன செய்ய?" "பீரோல வையி" என்றேன். அவள் முன்னறைக்குப் போய்ப் பகவதியிடம் என்னவோ மெதுவாகச் சொல்வது கேட்டது. பகவதி பதில் சொன்னது கேட்கவில்லை. பீரோ திறந்து மூடிற்று. அதற்குப் பிறகு வாசல் கதவு.

நான் ஒரு தட்டை எடுத்தேன். சோறு போட்டு, பச்சடியை ஊற்றி, அடுக்களை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இன்னும் இலை போடவில்லை, விளக்கு ஏற்றவில்லை, மாமனார் மாமியார் யாரும் சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டேன். வெண்டைக்காய் பிஞ்சு, நன்றாகத்தான் வந்திருந்தது. பாதித் தட்டு போன பிறகு மெல்ல அது வந்தது, காது மடல் சுடுகிற மாதிரி. என்ன இது என்று முதலில் பிடிபடவில்லை. கோபம். அந்த மனுஷர் மேல், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, தடை ஒன்றும் இல்லாமல், தலையிலிருந்து கால்வரை கோபம். பாவி என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். ஒரு தேங்காய் வாங்கத் துப்பில்லாத மனுஷன் என்றேன். எங்கே இருந்தாலும் புரை ஏறட்டும் என்றேன். சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்துக்கொண்டேன்.